அமெரிக்கப் பள்ளித் துப்பாக்கிச்சூடுகள்: காரணம் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தால், பெற்றோர் தங்கள் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்குள் வாதம் தொடங்கிவிடுகிறது. துப்பாக்கிதான் காரணம் என்கிறார் ஒருவர். மனநோய் என்கிறார் இன்னொருவர். வீடியோ கேம், உடைந்த குடும்பம், சக மாணவர்களின் கொடுமை, மாத்திரை என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எதற்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்பதை இங்கே பார்க்கலாம். தாக்கியவர்களின் பெயரை எங்கும் எழுதவில்லை. அதற்கான காரணமும் கீழே இருக்கிறது.

கேள்வி: எண்ணிக்கை ஏன் ஒவ்வொருவர் சொல்லும்போதும் மாறுகிறது?

ஒவ்வொருவரும் வேறு வேறு விஷயத்தை எண்ணுகிறார்கள். மழலை வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான பள்ளிகளைக் கணக்கெடுக்கும் கே-12 பள்ளித் துப்பாக்கிச்சூடு தரவுத்தளம், பள்ளி வளாகத்தில் துப்பாக்கியை நீட்டி மிரட்டியதையும் தோட்டா வந்து சுவரில் பட்டதையும்கூடச் சேர்த்துக்கொள்கிறது. கூட்டாட்சிச் சட்டப்படி 3 பேர் அல்லது அதற்கு மேல் இறந்தால்தான் கூட்டக்கொலை. துப்பாக்கி வன்முறையைத் தொகுக்கும் கன் வயலன்ஸ் ஆர்க்கைவ் என்ற அமைப்பின் கணக்கில், சுட்டவரைத் தவிர்த்து 4 பேர் மீது தோட்டா பாய்ந்திருந்தாலே அது கூட்டத் துப்பாக்கிச்சூடு. யாரும் இறந்திருக்க வேண்டியதில்லை.

அரசுக் கணக்கே தடுமாறியிருக்கிறது. 2015–16 கல்வியாண்டில் ஏறக்குறைய 240 பள்ளிகளில் துப்பாக்கிச்சூடு நடந்ததாக மத்தியக் கல்வித் துறையின் தரவு சொன்னது. என்பிஆர் வானொலி பள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொடர்புகொண்டு விசாரித்தபோது 11 மட்டுமே உறுதியானது. ஒரு பெரிய கல்வி மாவட்டத்துக்கு எதிரே 37 என்று இருந்தது. கத்தி, துப்பாக்கி கொண்டுவந்து பிடிபட்டவர்களுக்கான எண்ணைப் படிவத்தில் வேறொரு வரியில் நிரப்பியிருந்தார்கள்.

ஆகவே யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், எதை எண்ணினார்கள் என்று முதலில் கேளுங்கள். வாகன நிறுத்துமிடத்தில் இரு கும்பல்களுக்குள் நடந்த மோதலுக்கும், வாரக்கணக்கில் திட்டமிட்டு வகுப்பறைக்குள் நுழைவதற்கும் காரணம் ஒன்றல்ல, தடுக்கும் வழியும் ஒன்றல்ல. இங்கே பேசுவது இரண்டாவது வகையை.

கேள்வி: ஒரே ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாதா?

முடியாது. தனிமையில் வாடும் பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கேலிக்கு ஆளாகிறவர்களும் சுடும் விளையாட்டு ஆடுகிறவர்களும் அப்படித்தான். அவர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே யாரையும் தொடுவதில்லை. ஒரு தனிக் காரணத்தை வைத்துக்கொண்டு இதை விளக்கவே முடியாது.

கேள்வியை மூன்றாகப் பிரித்தால் தெளிவு வரும். அவனுக்கு ஏன் கொல்லத் தோன்றியது? துப்பாக்கி எப்படிக் கைக்கு வந்தது? முன்பே தெரிந்தவர்கள் ஏன் தடுக்கவில்லை? தொலைக்காட்சி விவாதங்கள் முதல் கேள்வியிலேயே தேங்கி நிற்கின்றன. அதற்குத்தான் பதில் மிகவும் மங்கலானது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பெரும்பாலான வழக்குகளில் தெளிவான பதில் கோப்பிலேயே இருக்கிறது.

ஜில்லியன் பீட்டர்சன், ஜேம்ஸ் டென்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் கூட்டத் துப்பாக்கிச்சூடு நடத்தியவர்களின் வாழ்க்கையைத் தொகுத்து, திரும்பத் திரும்ப வரும் நான்கைக் காட்டினார்கள்: சிறு வயதில் மனதில் பட்ட காயம், அண்மையில் வந்த ஒரு நெருக்கடி, முன்பு இதைச் செய்தவர்களைத் தேடித் தேடிப் படித்தல், ஆயுதம் எளிதில் கிடைத்தல். நான்கில் ஏதாவது ஒன்றை அடைத்தாலும் வழி மறிபடும் என்பது அவர்கள் வாதம். எங்களுக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

கேள்வி: இப்படிச் செய்யக்கூடியவனை முன்கூட்டியே அடையாளம் காண ஒரு சாயல் உண்டா?

இல்லை. அமெரிக்க அதிபருக்குப் பாதுகாப்பு அளிக்கும் சீக்ரெட் சர்வீஸும் கல்வித் துறையும் 1974 முதல் 2000 வரை நடந்த 37 தாக்குதல்களையும் அவற்றை நடத்திய 41 பேரையும் ஆராய்ந்து 2002-இல் அறிக்கை வெளியிட்டன. 63 விழுக்காட்டினர் இரு பெற்றோர் உள்ள குடும்பத்தில் (மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தந்தை உட்பட) வாழ்ந்தவர்கள். 41 விழுக்காட்டினர் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். கறுப்புச் சட்டை, தனிமை, பேசாத சுபாவம் என்று ஒரு சாயலை வைத்துத் தேடினால் இரண்டு தவறு நடக்கும்: அப்பாவிப் பிள்ளைகள் நூறு பேர் சந்தேகத்துக்கு ஆளாவார்கள், மதிப்பெண் நன்றாக வாங்குகிற, ஆனால் வீட்டில் துப்பாக்கியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிற ஒருவன் தப்பிவிடுவான்.

பார்க்க வேண்டியது நடத்தையை. அந்த 41 பேரில் 93 விழுக்காட்டினர், தாக்குதலுக்கு முன்பே பிறரைக் கவலைப்பட வைக்கும்படி ஏதோ செய்திருந்தார்கள்.

கேள்வி: சக மாணவர்களின் கொடுமைதானே இவர்களை இப்படி ஆக்குகிறது?

பெரிய பங்கு அதற்கு உண்டு. அதே ஆய்வில் 71 விழுக்காட்டினர் தாங்கள் துன்புறுத்தப்பட்டதாக உணர்ந்தவர்கள். 2008 முதல் 2017 வரை நடந்த 41 தாக்குதல்களை சீக்ரெட் சர்வீஸ் மறுபடி ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட அறிக்கையில் இது 80 விழுக்காடாக இருந்தது. சிலருக்கு அந்தக் கொடுமை ஆண்டுக்கணக்கில், ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்திருக்கிறது.

ஆனால் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியை இதற்கு உதாரணமாகக் காட்டுவது பிழை. 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்டார்கள். கேலிக்கு ஆளான இருவர் பழிவாங்கினார்கள் என்ற கதை அன்று மாலையே பரவி இன்றுவரை நிற்கிறது. அவர்கள் போட்ட திட்டமோ வேறு: மதிய உணவு நேரத்தில் உணவுக்கூடத்தை வெடிகுண்டால் தகர்ப்பது. குண்டுகள் வெடிக்காததால்தான் சுடத் தொடங்கினார்கள். நூற்றுக்கணக்கானவர்களை ஒரே வெடிப்பில் கொல்ல நினைத்தவர்கள், தங்களைக் கேலி செய்தவன் யார் என்று தேடிக்கொண்டு வரவில்லை.

கேள்வி: மனநோய்?

இந்தச் சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. மருத்துவர் பெயர் சூட்டிய நோய் ஒன்று. வாழப் பிடிக்காத மனநிலை மற்றொன்று. 2002 அறிக்கையில் மனநலப் பரிசோதனைக்கே போனவர்கள் 34 விழுக்காடு, நோய் என்று கண்டறியப்பட்டவர்கள் 17 விழுக்காடு. ஆனால் தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்தவர்கள் 78 விழுக்காடு. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிலைமை புரியும். பலர் மருத்துவரின் வாசலையே மிதித்ததில்லை. ஆனால் சாக நினைத்திருந்தார்கள்.

கடும் மனநோயை அமெரிக்காவிலிருந்து முழுவதுமாக நீக்கிவிட முடிந்தாலும் வன்முறை 4 விழுக்காடு அளவுக்குத்தான் குறையும் என்பது இத்துறையில் பலரும் ஏற்கும் மதிப்பீடு. மனநோயாளிகளையெல்லாம் ஆபத்தானவர்களாகப் பார்ப்பது அநியாயம். அதனால் வரும் கெடுதலும் நேரடியானது: உதவி தேவைப்படும் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

நோய் உண்மையிலேயே தெரிந்திருந்த இடத்தில் என்ன தவறியது என்பதற்கு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் சான்று. 2007 ஏப்ரல் 16 அன்று அங்கே 32 பேரைக் கொன்றவரை, தனக்கே ஆபத்தானவர் என்று 2005-இலேயே நீதிமன்ற அதிகாரி அறிவித்திருந்தார். மருத்துவமனையில் சேர்க்காமல் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற உத்தரவிட்டதால், மாநிலம் அந்தத் தகவலைத் துப்பாக்கி வாங்குவோரின் பின்னணிச் சோதனைப் பதிவேட்டுக்கு அனுப்பவில்லை. கடையில் சோதித்தார்கள், பதிவேட்டில் ஒன்றும் இல்லை, விற்றுவிட்டார்கள்.

கேள்வி: மனச்சோர்வு மாத்திரைகள்தான் கொலைவெறியைத் தூண்டுகின்றன என்கிறார்களே?

பெரும்பாலான பள்ளித் தாக்குதல்காரர்கள் அத்தகைய மாத்திரை எதையும் எடுத்துக்கொண்டவர்கள் அல்லர். இளம் வயதினரிடம் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று 2004-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது உண்மை. அதற்காகத்தான் முதல் சில வாரங்கள் நெருக்கமாகக் கவனிக்கச் சொல்கிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைப் பட்டென்று நிறுத்துவதுதான் ஆபத்து.

கேள்வி: வீடியோ கேம்?

2002 அறிக்கையில் வன்முறை விளையாட்டுகளில் ஆர்வம் காட்டியவர்கள் 12 விழுக்காடு மட்டுமே. தாங்களே எழுதிய கட்டுரை, கவிதை, நாட்குறிப்பில் வன்முறையைக் கொட்டியவர்கள் 37 விழுக்காடு. பிள்ளை எதை விளையாடுகிறது என்பதைவிட என்ன எழுதுகிறது என்பது அதிகம் சொல்லும். சிறுவர்களுக்கு இத்தகைய விளையாட்டுகளை விற்பதைத் தடுத்த கலிபோர்னியச் சட்டத்தை 2011-இல் உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் ரத்து செய்தது. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் பிள்ளைகள் இதே விளையாட்டுகளை ஆடுகிறார்கள். அங்கே வகுப்பறைகளில் இப்படித் துப்பாக்கி வெடிப்பதில்லை.

கேள்வி: அப்படியானால் துப்பாக்கிதான் காரணமா?

கோபத்தைத் துப்பாக்கி உண்டாக்குவதில்லை. அந்தக் கோபம் எத்தனை சவப்பெட்டிகளில் போய் முடியும் என்பதைத் தீர்மானிப்பது துப்பாக்கி. 2012 டிசம்பர் 14-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒருவன் கத்தியோடு தொடக்கப் பள்ளிக்குள் புகுந்து 23 பிள்ளைகளைக் குத்தினான். ஒரு பிள்ளையும் சாகவில்லை. அதே நாளில் கனெக்டிகட் மாநிலம் நியூடவுனில் சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளிக்குள் ஒருவன் ரைஃபிளோடு நுழைந்தான். 20 பிள்ளைகளும் 6 பெரியவர்களும் இறந்தார்கள்.

அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் 39 கோடிக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இருப்பதாக ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு மதிப்பிட்டது, மக்கள்தொகையைவிட அதிகம். அதைவிடப் பள்ளிகளுக்கு முக்கியமான எண் வேறொன்று. 2002 அறிக்கையில் 68 விழுக்காட்டினர் தங்கள் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ துப்பாக்கியை எடுத்தவர்கள். 2019 அறிக்கையில், துப்பாக்கியால் தாக்கியவர்களில் இது 76 விழுக்காடு. சாண்டி ஹுக்கில் சுட்ட துப்பாக்கி அவனுடைய தாய் வாங்கியது; பள்ளிக்குப் போகும் முன் முதலில் கொன்றதும் அவரைத்தான்.

இன்னொரு வழி, வயது வந்தவுடன் கடைக்குப் போவது. ஃப்ளோரிடாவின் பார்க்லண்டில் 2018-இல் 17 பேரைக் கொன்றவனுக்கு வயது 19. டெக்சாஸின் உவால்டியில் 2022-இல் 19 பிள்ளைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவன் 18 வயது நிறைந்த சில நாட்களில் இரண்டு ரைஃபிள் வாங்கினான். இருவரும் சட்டப்படியே வாங்கினார்கள். உவால்டிக்குப் பிறகு வந்த 2022 கூட்டாட்சிச் சட்டம், 21 வயதுக்குக் கீழானவர்கள் வாங்கும்போது சிறார் பருவப் பதிவுகளையும் பார்க்கச் சொல்கிறது. சந்தேகம் வந்தால் 10 வேலை நாள் வரை நிறுத்திவைக்கலாம்.

கேள்வி: துப்பாக்கியைப் பூட்டி வைப்பது உண்மையிலேயே பயன் தருமா?

தரும். 1998-இல் ஆர்கன்சாவின் ஜோன்ஸ்பரோவில் 13 வயதும் 11 வயதுமான இரு சிறுவர்கள் ஒரு வீட்டின் இரும்புப் பெட்டகத்தைத் திறக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. பெட்டகத்துக்கு வெளியே கிடந்த கைத்துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு, தாத்தா வீட்டுக்குப் போய் ரைஃபிள்களை எடுத்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். பெட்டகம் தன் வேலையைச் செய்தது; வெளியே கிடந்தவைதான் கொன்றன. 2009-இல் ஜெர்மனியின் வின்னெண்டனிலும் இதேதான். தந்தை மற்றத் துப்பாக்கிகளைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் படுக்கையறையில் வைத்திருந்தார். மகன் அதை எடுத்து 15 பேரைக் கொன்றான். தந்தைக்குத் தண்டனை கிடைத்தது.

வழக்கமாக எங்கே தவறுகிறது என்றால்: கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரியைப் பெட்டகம் என்று நினைப்பது, சாவியை மேசை இழுப்பறையில் போடுவது, இரகசிய எண்ணாகப் பிறந்தநாளை வைப்பது. 2023-இல் பெல்கிரேடில் 13 வயது மாணவன் பள்ளியில் சுட்டபோது, தந்தையின் துப்பாக்கிகள் பெட்டகத்தில்தான் இருந்தன. எண் மகனுக்குத் தெரிந்திருந்தது.

சரியான முறை எளிது. தோட்டாவை வெளியே எடுத்து, துப்பாக்கியை இரும்புப் பெட்டகத்தில் பூட்ட வேண்டும். தோட்டாக்கள் வேறு இடத்தில், வேறு பூட்டில். எண் ஒரே ஒருவருக்குத்தான் தெரிய வேண்டும்; யாராவது பக்கத்தில் நின்று பார்த்துவிட்டதாகத் தோன்றினால் அன்றே மாற்ற வேண்டும். துப்பாக்கிகளையும் தோட்டாப் பெட்டிகளையும் அவ்வப்போது எண்ண வேண்டும். துப்பாக்கிக்குள் செருகும் கம்பிப் பூட்டு சிறு குழந்தையைத் தடுக்கும். கையில் வெட்டுக் கருவி உள்ள 15 வயதுப் பையனைத் தடுக்காது. இந்தப் பழக்கம் இளம் வயதுத் தற்கொலையையும் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. தாக்குபவர்களில் முக்கால்வாசிப் பேர் சாக நினைத்தவர்கள் என்று மேலே பார்த்தோம். ஒரே பூட்டு இரண்டையும் தடுக்கிறது.

கேள்வி: வாசலில் ஆயுதக் காவலர் இருந்தால் பயப்பட மாட்டார்களா?

சாகத் துணிந்து வருபவனைத் துப்பாக்கியைக் காட்டிப் பயமுறுத்துவது கடினம். 1980 முதல் 2019 வரையிலான 133 சம்பவங்களை ஆராய்ந்து 2021-இல் வந்த ஓர் ஆய்வு, ஆயுதக் காவலர் இருந்த பள்ளிகளில் இறப்பு விகிதம் 2.83 மடங்கு அதிகம் என்றது. காவலரால்தான் இறப்பு கூடியது என்று இதற்குப் பொருள் அல்ல. காவலர் இருந்தும் குறையவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. உவால்டியில் 376 காவலர்கள் திரண்டார்கள். வகுப்பறைக்குள் போய் அவனை வீழ்த்த 77 நிமிடம் ஆனது.

எங்களைக் கேட்டால், பணத்தை முதலில் வகுப்பறைக் கதவில் போட வேண்டும். சாண்டி ஹுக்கில் வகுப்பறைக் கதவுகளை நடைபாதைப் பக்கமிருந்து சாவி போட்டுத்தான் பூட்ட முடிந்தது. வெளியே சுட்டுக்கொண்டிருக்கும்போது ஆசிரியை கதவைத் திறந்து, கையை நீட்டி, சாவியைத் துளையில் செருக வேண்டியிருந்தது. ஒவ்வொரு வகுப்பறையும் உள்ளிருந்து பூட்டும்படி இருக்க வேண்டும் என்று அதன் பிறகு மாநில ஆணையம் பரிந்துரைத்தது.

கேள்வி: பெயரையும் படத்தையும் ஏன் தவிர்க்கச் சொல்கிறார்கள்?

அடுத்தவன் அதைப் படிக்கிறான். கொலம்பைனுக்குப் பின் வந்த பலர் அந்த இருவரின் உடையையும் எழுத்தையும் தேதியையும் ஆராய்ந்தவர்கள். ஒரு பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்தால் சராசரியாக 13 நாள் வரை இன்னொன்றுக்கான வாய்ப்பு கூடியிருக்கிறது என்று 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. செய்தியை மறைக்கத் தேவையில்லை. பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல், கடைசிக் கடிதத்தை அச்சிடாமல், இறப்பு எண்ணிக்கையைச் சாதனைப் பட்டியல் போல வரிசைப்படுத்தாமல் எழுதலாம்.

கேள்வி: முன்பே யாருக்கும் தெரிவதில்லையா?

தெரிகிறது. 2002 அறிக்கையில் 81 விழுக்காடு சம்பவங்களில் குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் மேரி எலன் ஓடூல் 2000-ஆம் ஆண்டு அறிக்கையில் இதற்குக் 'கசிவு' என்று பெயர் வைத்தார்: நண்பனிடம் சொல்வது, நோட்டில் வரைவது, நாளை வராதே என்று ஒருத்தியை மட்டும் எச்சரிப்பது.

பிறகு ஏன் அமைதி? பிள்ளைகள் அதை விளையாட்டு என்று நினைக்கிறார்கள். காட்டிக்கொடுத்தவன் என்ற பேருக்கு அஞ்சுகிறார்கள். ஆசிரியரிடம் சொன்னால் தனக்கே வினையாகும் என்று நினைக்கிறார்கள். சொன்னாலும் தவறுகிறது. பார்க்லண்ட் தாக்குதலுக்கு ஐந்தாறு வாரம் முன், 2018 ஜனவரி 5 அன்று, அவனுக்கு நெருக்கமான ஒருவர் எஃப்பிஐக்குத் தொலைபேசியில் அழைத்து, அவன் பள்ளியில் சுடக்கூடும் என்று எச்சரித்தார். அந்தத் தகவல் மயாமி அலுவலகத்துக்கு அனுப்பப்படவே இல்லை.

கேள்வி: மிரட்டல் வந்தால் பள்ளி என்ன செய்ய வேண்டும்?

'மிரட்டல் மதிப்பீடு' என்ற முறை இருக்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டூயி கார்னல் குழு 2001-இல் உருவாக்கியது. 2013 முதல் வர்ஜீனியாவின் எல்லாப் பொதுப்பள்ளிகளிலும் இதற்கான குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். முதல்வர், மனநல ஆலோசகர், காவல் அதிகாரி ஆகியோர் சேர்ந்து உட்கார்ந்து, சொன்ன சொல் என்ன, எந்தச் சூழலில், கேட்டவர்கள் யார் என்று ஒவ்வொருவராக விசாரித்துச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்கிறார்கள். கோபத்தில் கொட்டி, விளக்கம் சொல்லி மன்னிப்பும் கேட்டுவிட்டால் அது தற்காலிக மிரட்டல், அத்தோடு முடிக்கலாம். குறிப்பிட்ட ஆள், நேரம், திட்டம், ஆயுதம் என்று ஏதாவது இருந்தால் அது உறுதியான மிரட்டல்: இலக்கானவரின் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும், வீட்டில் துப்பாக்கி உண்டா என்று கேட்க வேண்டும், பையைச் சோதிக்க வேண்டும், அன்றே மனநல மதிப்பீடு நடக்க வேண்டும். வெறுமனே பள்ளியிலிருந்து நீக்குவது தீர்வல்ல. பார்க்லண்டில் சுட்டவன் அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவன்.

எந்தப் படி விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளியைப் பாருங்கள். 2021 நவம்பர் 30 காலை, 15 வயது மாணவனின் கணக்குத் தாளில் ஆசிரியை ஒரு படத்தைப் பார்த்தார்: ஒரு துப்பாக்கி, ஒரு தோட்டா, இரத்தம் வழியும் உருவம். பக்கத்தில் 'எண்ணங்கள் நிற்கவே மாட்டேன் என்கின்றன, எனக்கு உதவுங்கள்' என்ற பொருளில் எழுதியிருந்தான். பெற்றோரை அழைத்தார்கள். நான்கு நாள் முன்புதான் அவனுக்கென்று கைத்துப்பாக்கி வாங்கியதை அவர்கள் சொல்லவில்லை; பள்ளியும் கேட்கவில்லை. வேலை இருக்கிறது என்று அவனை அழைத்துப் போகவும் மறுத்தார்கள். அவன் பையை யாரும் திறக்கவில்லை. வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் அவன் சுடத் தொடங்கினான்; நான்கு மாணவர்கள் இறந்தார்கள். துப்பாக்கி காலை முழுவதும் அந்தப் பையில்தான் இருந்தது. 2024-இல் தந்தை, தாய் இருவருக்கும் தலா 10 முதல் 15 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

கேள்வி: என் பிள்ளை ஒரு மிரட்டல் பதிவைக் காட்டினால் நான் என்ன செய்வது?

முதலில், காட்டியதற்குப் பிள்ளையைத் திட்டாதீர்கள். பயனர் பெயரும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மற்றப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அது பரவினால் பதிவை எழுதியவன் அழித்துவிடுவான், யார் முதலில் போட்டது என்றே தெரியாமல் போகும். இன்று, நாளை என்று நேரம் குறித்திருந்தால் உடனே அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். இல்லையென்றால் பள்ளி முதல்வருக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் இரண்டுக்குமே சொல்லுங்கள். பெயர் சொல்லாமல் தெரிவிக்கும் எண்கள் பல மாநிலங்களில் உண்டு. கொலராடோவின் சேஃப்2டெல் அப்படி ஒன்று. சொல்லும்போது உங்கள் ஊகத்தைச் சேர்க்காமல், பார்த்த சொற்களை அப்படியே படித்துக் காட்டுங்கள். பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, மறுநாள் கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

கேள்வி: அப்படிப் பேசுவது என் பிள்ளையாகவே இருந்தால்?

சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். வீட்டில் துப்பாக்கி இருந்தால் அன்று மாலைக்குள் அது வீட்டை விட்டுப் போக வேண்டும். காவல் நிலையமோ துப்பாக்கிக் கடையோ தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்ளுமா என்று போன் செய்து கேளுங்கள். நீங்களாகத் துப்பாக்கியோடு காவல் நிலையத்துக்குள் நுழையாதீர்கள். எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களே சொல்வார்கள். பிறகு பிள்ளை போய்வரும் மற்ற வீடுகளுக்குப் பேசுங்கள். தாத்தா வீடு, மாமா வீடு, நெருங்கிய நண்பன் வீடு: எங்கே என்ன இருக்கிறது, எதில் பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேளுங்கள்.